மயிரிழைப் பாதையும் நல்ல தண்ணீரும்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருமுனைப் பாண்கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஐந்து பேர், பின்னால் மூன்று பேர். என் முறை வந்ததும் கடைக்காரப் பெண் கடதாசிப் பையை உதறித் திறந்துகொண்டே கேட்டாள்.

"வழக்கம்போல நாலுதானே?"

எனக்கு இரண்டு, மகளுக்கு இரண்டு. மனைவி இருந்த காலத்தில் ஆறு. கடைக்காரப் பெண் கேட்டது ஜேர்மன் மொழியில். நான் சொன்னது "ஓம்" என்று. இந்த நாட்டில் என் வாழ்க்கையின் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனாலும் மனம் பதறினால் தமிழ்தான் முந்திக்கொண்டு வாய்க்கு வருகிறது. அவளுக்கு என் தலையாட்டல் போதுமாயிருந்தது. நாலு குட்டிப் பாண்கள் பைக்குள் விழுந்தன. வெளியே வந்து ஒரு தடவை பையைத் திறந்து எண்ணினேன். நாலுதான். வீட்டில் நான் ஒருவன்தான்.

மகள் வைதேகி யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் உள்ள எங்கள் ஊர் கரம்பொன்னில் இருக்கிறாள். ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறாள். பதில் சாதகமாக வந்தால் அவள் அங்கேயே தங்கி வேலை தொடங்குவாள். இல்லையென்றால் வரும் கிழமை விமானம் ஏறி இங்கே வந்துவிடுவாள். நானும் காத்திருக்கிறேன். எந்தப் பதில் வரவேண்டுமென்று கும்பிடுவது என்று தெரியாமல் சாமிப் படத்துக்கு முன்னால் வெறுமனே நின்றுவிட்டு வருகிறேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள், "பிள்ளை ஊருக்குத் திரும்பி வாறாள், இந்த மனுசன் ஏன் இப்படி அந்தரப்படுகுது?" என்று கேட்கலாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2

நான் ஊர்காவற்றுறையில் ஒரு பாடசாலையில் இரசாயனம் படிப்பித்தவன். இங்கே வந்து முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு நிறப்பொடித் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். நாங்கள் செய்தது இரும்பு ஒட்சைட்டு. கூரை ஓட்டுக்குச் சிவப்பு, நடைபாதைக் கல்லுக்கு மஞ்சள், கறுப்பு. எங்கள் கரம்பொன் வீட்டுக் கிணறு போல நாலைந்தை உள்ளே இறக்கிவைக்கலாம், அவ்வளவு பெரிய தொட்டிகள். அதற்குள் வீட்டுத் தூண் பருமனில் ஒரு துடுப்பு சுழலும். என் வேலை, தொட்டியிலிருந்து மாதிரி எடுத்துத் துணிக்கைகளின் அளவைப் பார்ப்பது. துடுப்புக்குப் பக்கத்தில் எடுத்தால் ஓர் அளவு, மூலையில் எடுத்தால் வேறோர் அளவு. கூரை ஓட்டுக்கு அது பெரிய குற்றமில்லை. என் மனைவிக்குத்தான் கரைச்சல். "உங்கட உடுப்பைத் தோய்க்கிற தண்ணியைப் பாத்தால் பொலிசு வந்திடும்" என்பாள்.

வைதேகியும் ஒட்சைட்டுத்தான் செய்கிறாள். இரும்பல்ல, மங்கனீசு. ஓட்டுக்கல்ல, பற்றறிக்கு. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பற்றறிக்குள் அந்தக் கறுப்புப் பொடிதான் அரைவாசி வேலை பார்க்கிறது. துணிக்கைகள் மிக நுண்ணியவையாகவும் எல்லாம் ஒரே அளவாகவும் இருக்கவேண்டும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் பற்றறி சீக்கிரம் களைத்துவிடும். தொட்டியில் அந்த ஒழுங்கு வராது. ஆகவே அவள் தொட்டியையே விட்டுவிட்டாள்.

அவளிடம் இருப்பது உள்ளங்கை அளவு உருக்குத் தட்டு. அதற்குள் மயிரிழை போன்ற பாதைகளைக் குடைந்து, மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். ஒரு பாதையில் மங்கனீசுக் கரைசல் வரும். மற்றதில் காரக் கரைசல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து அந்தக் கலவையைச் சின்னச் சின்னத் துளிகளாக வெட்டும். ஒவ்வொரு துளிக்குள்ளும் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்சைட்டு பிறந்துவிடும். மைக்ரோ ரியாக்டர் என்று இங்கே சொல்கிறார்கள். நான் தட்டு என்றே சொல்வேன்.

"கூழ் காய்ச்சேக்கை ஒடியல் மாவை ஒரேயடியாக் கொட்டினால் கட்டி பிடிக்குமெல்லே மாமி?" என்று என் தங்கச்சி மகேசுவரிக்கு அவள் விளக்கியதைக் கேட்டேன். "அதுதான் அப்பாவின்ர தொட்டி. என்ர தட்டில ஒவ்வொரு துளியும் ஒரு தனிச் சட்டி. ஒரு சட்டிக்கு ஒரு சிட்டிகை மா. கட்டி பிடிக்க இடமில்லை."

"அப்ப கொப்பர் இவ்வளவு காலமும் கட்டிக் கூழ்தான் காய்ச்சினவர் எண்டு சொல்லு" என்றாள் தங்கச்சி. இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

தட்டுக்கு ஒரேயொரு எதிரி அடைப்பு. மயிரிழைப் பாதையில் எதாவது படிந்தால் அவ்வளவுதான். அதனால் அவள் பாவிக்கும் தண்ணீரில் உப்பு, சுண்ணாம்பு எதுவும் இருக்கக்கூடாது.

3

இரண்டு வருடமாக அவள் இந்தத் தட்டைத் தீவுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காற்றும் வெயிலும் உள்ள இடம், கரண்ட் அடிக்கடி போகும் இடம், உள்ளே தண்ணீர்க் கரைசல் இருப்பதால் தீப்பிடிக்காத பற்றறி தேவைப்படும் இடம். பொடி செய்யத் தொழிற்சாலை வேண்டாம், ஓர் அறை போதும். ஓர் ஐரோப்பிய நிதியம் காசு தர யோசித்தது. ஆனால் முதலில் மூன்று பேர் நேரில் வந்து, அந்த இடத்திலேயே தட்டு ஓடுவதைப் பார்ப்பார்கள். பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

நான் சொல்லாத நியாயம் இல்லை. அங்கே நல்ல தண்ணீர் இல்லை என்றேன். கரண்ட் நிற்காது என்றேன். ஒரு சின்ன உதிரிப்பாகம் உடைந்தாலும் யாழ்ப்பாணம் போகவேண்டும் என்றேன்.

"அதுக்குத்தானே அப்பா போறன்" என்றாள்.

கரம்பொன் என்று தமிழில் எழுதினால் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். எதாவது பழுதானால் "உடைஞ்சு போச்சு" என்பாள். ஜேர்மன்காரர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் பாவிப்பார்கள், அதைத் தமிழில் அப்படியே இறக்கிவிடுவாள். போன் உடைஞ்சு போச்சு, ரயில் உடைஞ்சு போச்சு, பால் உடைஞ்சு போச்சு. இந்தத் தமிழோடு அவள் ஊரில் குடியிருக்கப் போகிறாளாம். பிள்ளைகள் எங்களைவிட்டு இந்த நாட்டுக்குள் தொலைந்துபோவார்கள் என்று நாங்கள் எல்லோரும் பயந்தோம். நான் பயந்த திசைக்கு நேர்எதிர்த் திசையால் அவள் போனாள்.

நான் கூடப் போய் அங்கேயே இருந்துவிடலாமே என்று கேட்பீர்கள். என் கண்ணுக்குள் இரத்தக் கசிவு. ஆறு கிழமைக்கு ஒருமுறை கண்ணுக்குள்ளேயே ஊசி போடவேண்டும். இங்கே அந்தச் செலவைக் காப்புறுதி கட்டிவிடும். தவறவிட்டால் பார்வை போய்விடும், எண்ணுவதற்கு எதிரில் ஒன்றும் தெரியாது. இதுதான் கணக்கு. அவள் அங்கே என்றால் நான் இங்கே தனியே.

ஆனாலும் அந்தச் சோதனைக்கு நான் கூடப் போனேன். பெட்டிகள் ஏழு. ஜேர்மனியில் இருந்து அந்தத் தட்டை வெளியே கொண்டுபோக, அது ஆயுதம் செய்ய உதவாது என்று ஒரு கந்தோரிலும், உதவாது என்று சொன்ன கந்தோர் சரியான கந்தோர்தான் என்று இன்னொரு கந்தோரிலும் முத்திரை வாங்கினோம். கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரி தட்டைத் தூக்கிப் பார்த்து இது எதற்கு என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இவள், "தூள் செய்ய" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். தூள் என்றால் இலங்கையில் வேறு அர்த்தம் எடுப்பார்கள் என்று அவளுக்கு எங்கே தெரியும்? அதிகாரியின் முகம் மாறியது. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஒரு நாய் வந்தது. வாங்கில் குந்தியிருந்து கடைசியில் வெளியே வந்தபோது எங்களை ஏற்ற வாடகைக் கார் ஓட்டிவந்த ஊர் ஓட்டோக்காரர் சூசை அலுப்பில் தூங்கிப்போயிருந்தார்.

4

கரம்பொன் வீட்டை நான் கட்டியது ஓய்வுக்காலத்துக்கு. ஆறு அறை, பதினாலு யன்னல். குடியிருப்பது தங்கச்சி ஒருத்தி. வெளிநாட்டுக்காரர் வந்தால் படுப்பதற்கென்று ஓர் அறைக்கு மட்டும் ஏசி. வைதேகி முன்மண்டபத்தில் மேசை போட்டு, தட்டையும் பம்புகளையும் பூட்டினாள். பம்புகளை ஓட்டுவது அவளுடைய சொந்தப் பற்றறி, முன்பு ஜேர்மனியில் செய்த பொடியால் ஆனது. தூய தண்ணீரை யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வாங்கி மூன்று பிளாஸ்ரிக் கான்களில் கொண்டுவந்தோம். ஒத்திகைகளில் இரண்டு கான் முடிந்தன. மூன்றாவதில் அரைவாசி மிச்சம். அது போதும் என்று கணக்குப் பார்த்து வைத்தோம். கரைசல்களை அன்றன்று காலையில்தான் கரைக்கவேண்டும் என்பதால் அதை யாரும் தொடவில்லை.

ஒத்திகையில் ஒருநாள் தட்டு அடைத்தது. வைதேகி சத்தம் போடாமல் அதைக் கழற்றி அமிலத்தில் ஊறவைத்துவிட்டு, ஏசி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சநேரம் உள்ளே இருந்தாள். அழுதாளாக்கும் என்று நினைத்தேன்.

வருபவர்கள் மூன்று பேர். நிதியத்தின் சார்பில் ஒரு வெள்ளைக்காரப் பெண், கொழும்பிலிருந்து ஒரு மின்பொறியியலாளர், யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கும் ஒரு விரிவுரையாளர். அவர்கள் வரும் நாளன்று விடியத் தொடங்கியதுமே தங்கச்சி வாசலில் நிறைகுடம் வைத்து, மாவிலை செருகி, தேங்காய் வைத்து, குத்துவிளக்கும் ஏற்றிவிட்டாள்.

"இது கலியாணமே?" என்றேன்.

"வீட்டுக்கு ஆக்கள் வருகினம். வெறும் வாசலைக் காட்டச் சொல்லுறியளே?"

முன்மண்டபத்துக்கு வந்தேன். வழக்கம்போலப் பொருட்களை எண்ணினேன். பம்பு மூன்று, கண்ணாடிக் குடுவை எட்டு, தண்ணீர்க் கான் ஒன்று. கானைப் பார்த்தேன். அரைவாசியில் நிற்கவேண்டிய தண்ணீர் கழுத்துமட்டும் நின்றது.

நான் குனிந்து மூடியைத் திறந்தேன். விளிம்பு தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.

குசினிக்குப் போனேன். தங்கச்சி தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மகேசு, அந்தக் கானுக்கு நீ தண்ணி விட்டனியே?"

"ஓம். இரவு விளக்கு வைக்கேக்கை பாத்தனான், அரைவாசியில கிடந்தது. விருந்தாளியள் வாற நாளில வீட்டுக்குள்ள குறைகுடம் இருக்கப்படாது அண்ணை. அதுதான் நிரப்பினனான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சவர்த் தண்ணியே விட்டனான்? பவுசரில வந்த நல்ல தண்ணி எல்லோ விட்டனான். சோறு காச்சக்கூட நான் அதை எடுக்கிறேல்லை" என்றாள்.

தீவுக் கிணறுகளில் ஊறுவது உவர்ப்பான சவர்த் தண்ணீர்; நல்ல தண்ணீர் என்றால் அது பவுசர் வண்டி கொண்டுவரும் குடிதண்ணீர். அவள் அதை ஒரு குடம், இரண்டு குடம் என்று கணக்குப் பார்த்துச் செலவழிப்பவள். இருந்ததிலேயே உயர்ந்ததை எடுத்து மருமகளின் கானில் ஊற்றியிருக்கிறாள். குடிக்க அது நல்ல தண்ணீர்தான். ஆனால் அதற்குள் சுண்ணாம்பும் உப்பும் இருக்கின்றன. காரக் கரைசலில் அந்தத் தண்ணீரைக் கலந்தால் வெள்ளையாகப் படியும். மயிரிழைப் பாதை ஒரு சில நிமிடத்தில் அடைத்துவிடும், வந்தவர்களின் கண்ணுக்கு முன்னாலேயே.

"என்ன அண்ணை, விறைச்சுப்போய் நிக்கிறியள்? இந்தாங்கோ, தேத்தண்ணி" என்று கோப்பையைத் தந்தாள்.

5

கோப்பையோடு முன்மண்டபத்துக்கு வந்து கதிரையில் இருந்தேன். வைதேகி உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் அவள் கரைசல் கரைக்கத் தொடங்குவாள். தொடங்குமுன் உப்பளக்கும் மீற்றர் வைத்துத் தண்ணீரைப் பார்ப்பாள், அவள் அப்படிப் பார்க்காமல் ஒன்றும் செய்யமாட்டாள். ஆனால் அப்போது வாசலில் வாகனம் வந்து நிற்கும். வேறு தண்ணீர் தேட நேரம் இராது. சோதனை நடக்காது. வந்தவர்கள் மரியாதையாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த கிழமை நாங்கள் இருவரும் ஒன்றாகத் திரும்புவோம். ஞாயிற்றுக்கிழமை நாலு பாண்.

நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். தண்ணீரை ஊற்றியது நானல்ல. ஊற்றியவளுக்கும் தெரிந்து செய்த பிழையல்ல. ஒருவர்மீதும் குற்றம் வராது.

தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி கூட. தங்கச்சி எப்போதும் எனக்குச் சீனி கூடப் போடுவாள். கானுக்குள் தண்ணீர் அசையாமல் நின்றது. குளியலறையில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. வைதேகி எதையோ ஆங்கிலத்தில் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். வரப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைப் பாட்டாக்கிப் பாடமாக்குகிறாள் என்று பிறகு விளங்கியது. சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடத்துப் பாடங்களையும் அப்படித்தான் குளியலறையில் பாடுவாள். வாய்ப்பாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பிழை விட்டால் கதவுக்கு வெளியே நின்று திருத்துவேன்.

நான் எழும்பிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"பிள்ளை, கெதியா வெளியில வா. தண்ணிக்குள்ள தண்ணி விட்டாச்சு."

6

ஈரத்தலையோடு வந்து மீற்றரைக் கானுக்குள் வைத்தாள். இலக்கம் ஏறிக்கொண்டே போனது. அவள் முகத்தில் இருந்த நிறம் இறங்கிக்கொண்டே போனது.

"உடைஞ்சு போச்சு அப்பா. தண்ணி உடைஞ்சு போச்சு."

"தண்ணி உடைஞ்சு போச்சோ? அப்ப பிள்ளை பிறக்கப்போகுதெண்டு சொல்லு" என்று சொல்லிக்கொண்டே குசினியிலிருந்து வந்த தங்கச்சி, எங்கள் இருவரையும் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் இரண்டு வசனத்தில் சொன்னேன். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயோ பிள்ளை, நான் நல்லதெண்டு நினைச்சனான்."

"தெரியும் மாமி. விடுங்கோ. இப்ப தண்ணி வேணும். ஆறு லீற்றர்."

யாழ்ப்பாணம் போய்வர நேரமில்லை. விரிவுரையாளர் அப்போதுதான் போனில், தீவுக்கு வரும் பண்ணைப் பாலம் தாண்டிவிட்டோம் என்று சொன்னார். சூசையைக் கூப்பிட்டேன். ஊர்காவற்றுறைச் சந்தியில் வாகனம் திருத்தும் கடையில் பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் விற்பார்கள், இருக்கிறது முழுவதையும் வாங்கி வா என்றேன்.

"பற்றறி செய்யிற வீட்டுக்குப் பற்றறித் தண்ணி கடன் வாங்கிறியளே அண்ணை?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஓட்டோவை எடுத்தார். போன வேகத்தில் வந்தார். ஐந்து போத்தல். வைதேகி முதல் போத்தலைத் திறந்து மீற்றரை வைத்தாள். உதட்டைக் கடித்தாள். மற்றதையும் பார்த்தாள்.

"இது சும்மா குழாய்த் தண்ணி. ஆரோ போத்தலில அடைச்சு வித்திருக்கிறாங்கள்."

"அந்தோனியாரே!" என்றார் சூசை. "என்ர ஓட்டோ பற்றறிக்கும் இதைத்தானே விடுறனான்."

அவளிடம் ஒரு சின்ன வடிகுழாய் இருந்தது. உப்பைப் பிடித்து நிறுத்தும் பிசின் மணிகள் அடைத்தது. அது ஏறக்குறையச் சுத்தமான தண்ணீரை முழுச் சுத்தமாக்கும். இவ்வளவு உப்பை அதனால் தாங்க ஏலாது, முதல் கோப்பையிலேயே களைத்துவிடும்.

நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் தொழிற்சாலையில் தொட்டிக்கு விடும் தண்ணீர் எது? நீராவிக் குழாய்களில் குளிர்ந்து வடியும் தண்ணீர். ஆவியாகிக் குளிர்ந்ததில் உப்பு இராது. ஆவி. குளிர். வடியும் தண்ணீர்.

வந்த நாளிலிருந்து ஏசி அறைக்குப் பின்பக்கம் இருந்த வாளிகளில் நான் மூன்று தடவை இடறியிருக்கிறேன். ஏசிக் குழாயால் சொட்டும் தண்ணீரைத் தங்கச்சி ஒரு துளி விடாமல் பிடித்து வைக்கிறாள். "ஊத்திவிடன் அதை" என்று நான் கத்தியபோது, "தண்ணியை ஆரும் ஊத்துவினமோ?" என்று அவள் திருப்பிக் கத்தினாள். பூமரத்துக்கு விடுவாளாம்.

"மகேசு, அந்த ஏசி வாளியள் எங்கை?"

"நாலும் பின்னாலதான் கிடக்கு. நேற்று நீங்கள் கத்தினதால மூடி போட்டு வைச்சனான்."

வைதேகி எனக்கு முன்னே ஓடினாள். மீற்றரை முதலாவது வாளிக்குள் வைத்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இரண்டாவது, மூன்றாவது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இலக்கம் ஏறவேயில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தங்கச்சி வெள்ளைத் துணி வைத்து வடிக்க, இவள் வடிகுழாயால் விட, சூசை குடுவையைப் பிடிக்க, நான் லீற்றரை எண்ணினேன். ஆறாவது லீற்றர் நிறையும்போது வாசலில் வாகனக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டு போய் நிறைகுடத்தடியில் நின்று அவர்களை வரவேற்றாள். வெள்ளைக்காரப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பொறியியலாளர் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வைதேகி கரைசல்களைக் கரைத்து, பம்பைத் திறந்தாள்.

தட்டின் மேல் கண்ணாடிக்குள் பார்த்தேன். நிறமில்லாத இரண்டு நூல்கள் வந்து சந்தித்தன. எண்ணெய் வெட்டியது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மண்ணிறமாக ஒரு துளி, அதன் பின்னால் இன்னொன்று, மணி கோத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக. பாதைக்குள் அமுக்கத்தைக் காட்டும் அமுக்கமானியின் முள் ஏறியது. அது கொஞ்சம் ஏறும், பிறகு நிற்கவேண்டும்; நிற்காவிட்டால் பாதை அடைக்கிறது என்று அர்த்தம். நிற்கவில்லை. இன்னும் ஏறியது. வைதேகியின் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. என் கண்ணில் முள் இரண்டாகத் தெரிந்தது. எது உண்மையான முள் என்று தெரியாமல் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஒரு நடுக்கம் நடுங்கி, இறங்கி, நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. எல்லோரும் பம்பைப் பார்த்தோம். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்குக் கீழே அவளுடைய பற்றறி ஒரு சத்தமும் போடாமல் இருந்தது.

பொறியியலாளர் முதன்முறையாகக் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். வெள்ளைக்காரப் பெண் மட்டும் மேசைக்கு மேலே எதையோ தேடினாள். பிறகு கேட்டாள். "இந்தத் தீவில் குடிக்கவே தண்ணீர் இல்லை என்று சொல்கிறார்கள். இதற்குத் தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? ஊராரின் தண்ணீரையா?"

யாழ்ப்பாண ஆய்வுகூடத் தண்ணீர் என்று சொன்னால் போதும். நான் வைதேகியைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினேன், அப்படிச் சொல் என்று. அவள் சொல்லவில்லை. காலையில் நடந்தது முழுவதையும் சொன்னாள். குறைகுடத்தைச் சொன்னாள். மாமி குடிக்க வைத்திருந்ததை ஊற்றியதைச் சொன்னாள். ஏசி வாளியைச் சொன்னாள். வாளித் தண்ணீர் நெடுகப் போதாது, மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடிக்கவேண்டும், அதற்குத் தொட்டி கட்டவேண்டும், அந்தச் செலவைத் தான் திட்டத்தில் எழுதவில்லை, அது தன் பிழை என்றாள். கேட்கப்படாத பிழையை ஏன் தானாகச் சொல்கிறாள்? நான் மறுபடி தலையாட்டினேன், போதும் என்று. விரிவுரையாளர் தன் கால்விரல்களைப் பார்த்தார். வெள்ளைக்காரப் பெண் தங்கச்சியிடம் போய், அந்த வாளிகளைக் காட்டச் சொல்லிச் சைகை காட்டினாள்.

பதில் பின்னர் அறிவிக்கப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

7

எனக்குக் கண் ஊசி நாள் நெருங்கியது. புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் வைதேகி கிணற்றடியில், வாளியில் மிஞ்சிய ஏசித் தண்ணீரால் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கல்லில் இருந்தேன். தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்பா, கானில தண்ணி கூடினதை எப்ப கண்டனீங்கள்?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். "தேத்தண்ணி குடிக்கமுதல்" என்றேன்.

"நான் குளிச்சு முடியிற நேரத்திலதான் கதவைத் தட்டினனீங்கள். கோப்பை வெறுமையாக் கிடந்தது."

"ஓம்."

கொஞ்சநேரம் கழுவினாள். "எல்லாத்தையும் எண்ணுற ஆள் நீங்கள். அந்தத் தேத்தண்ணி எத்தனை மிடறு?"

நான் யோசித்துப் பார்த்தேன். "எண்ணேல்லை" என்றேன்.

அவள் தட்டைத் துணியால் ஒற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பாதைகளுக்குள்ளே வெளிச்சம் போய்வந்தது.

"ஒத்திகையில ஒருநாள் அடைச்சதெல்லே, அண்டைக்கு நான் அறைக்குள்ள போய் இருந்தனான். அழுறன் எண்டு நினைச்சிருப்பியள். அழேல்லை. எனக்கு ஒரு ஆறுதலா இருந்தது. சரி, இது சரிவராது, அப்பாவோட திரும்பிப் போகலாம், ஊசிக்கு நான் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு." தட்டைத் துணியில் சுற்றினாள். "பிறகு எழும்பி வந்து அமிலத்தில ஊறப்போட்டதை எடுத்துக் கழுவினனான். நீங்களும் எழும்பி வந்து கதவைத் தட்டினீங்கள். அவ்வளவுதான் அப்பா. வாங்கோ, நுளம்பு கடிக்குது."

8

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்தபோது, வியாழக்கிழமை, வைதேகி போன் எடுத்தாள். பின்னால் சேவல் கூவியது, தங்கச்சி எதற்கோ சூசையை ஏசினாள்.

"அப்பா, ஓம் எண்டு சொல்லிப்போட்டினம். முதல் ஒரு வருசம். தண்ணித் தொட்டியைத் தாங்களே திட்டத்தில சேத்திருக்கினம்."

"நல்லது பிள்ளை" என்றேன். "தொட்டிக்கு மூடி போடச் சொல்லு. இல்லாட்டி நுளம்பு முட்டை இடும். கூரையில எத்தனை ஓடு உடைஞ்சிருக்கெண்டு பாத்தனியே? பதினொண்டு."

"பாக்கிறன்." பிறகு கேட்டாள், "ஞாயிற்றுக்கிழமை எத்தனை பாண் வாங்கினீங்கள்?"

"நாலு."

"உங்களுக்கு எண்ணத் தெரியாதோ?" என்று சிரித்தாள். பிறகு கண் ஊசிக்குப் போகும்போது யாரையாவது துணைக்குக் கூட்டிப்போகச் சொல்லி இரண்டு தரம் சொன்னாள்.

இன்று ஞாயிறு. பாண்கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர்தான். கடைக்காரப் பெண் என்னைத் தூரத்தில் கண்டதுமே பையை எடுத்து நிரப்பத் தொடங்கிவிட்டாள். நான் கிட்டப் போய், "இரண்டு" என்றேன், இந்தமுறை அவளுடைய மொழியில். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு, இரண்டை எடுத்துத் திரும்பவும் கூடைக்குள் வைத்தாள்.